இலுப்பெண்ணெய் குடித்த தேர்

அத்திமருதூர் வழித்துணை நாச்சியார் கோயில் தேர், யாரும் வடம் பிடிக்காமல், யாரும் நெம்புகோல் போடாமல், நாளுக்கு ஒரு சாண் என்று தானாக நகர ஆரம்பித்தது ஒரு தை மாதம் பன்னிரண்டாம் தேதி. முதலில் அதைக் கண்டவர் தேர்நிலைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த கோமதிநாயகம். அவர் கண்டதும் தேரை அல்ல, தேரின் நிழலை. இருபத்தாறு வருஷமாகக் பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய பாய்லரைத் தொட்டுவிட்டு விலகும் நிழல், அன்றைக்குப் பாய்லரைத் தாண்டி வந்து பால் சட்டியின்மேல் படுத்துக்கிடந்தது. வெளியே வந்து பார்த்தார். சக்கரத்துக்கு முன்னால் இருபத்தாறு வருஷமாகக் கிடந்த முட்டுக்கட்டை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது, வழியில் படுத்திருந்த நாயை யாரோ மெல்லக் காலால் நகர்த்திவிட்டதுபோல.

"ஏ வடிவு! தேரு ஒரு சாண் முன்னால வந்துருக்குல்லா!" என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார்.

மேலே ஏணியில் நின்று ஒரு யாளியின் தாடைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் சுடலைவடிவு. "தெரியும் அண்ணாச்சி. காலையிலேர்ந்து உள்ளங்காலு குறுகுறுன்னு இருந்துச்சு" என்றாள்.

"எறங்கித் தொலை, விழுந்துறப் போற."

"வாலு பாக்கி கெடக்கு. முடிச்சிட்டு வாரேன்" என்று அவள் யாளியின் வாலுக்கு நகர்ந்தாள்.

தேர் ஏன் நின்றது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். தேர்நிலையிலிருந்து கிளம்பும் தேர் தெற்கே போய் முக்கில் வலப்புறம் திரும்பி மேலத்தெருவுக்குள் நுழைந்துவிடும். திரும்பாமல் நேரே போனால் தெற்குத்தெரு. அந்தத் தெருவுக்குத் தேர் போனதே கிடையாது, அந்தத் தெருக்காரர்கள் வடத்தைத் தொட்டதும் கிடையாது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், முக்கில் தேர் திரும்பும்போது தொய்ந்து தரையில் புரண்ட வடத்தைத் தெற்குத்தெரு முத்திருளன் குனிந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். ஒரு நிமிஷம் பிடித்திருப்பான். பிறகு நடந்த அடிதடியில் அவனுக்கு விலா முறிந்தது, தேர் நடுத்தெருவில் நின்றது, போலீஸ் வந்து இயந்திரம் வைத்துத் தள்ளி நிலையில் சேர்த்தது, கேஸ் கோர்ட்டுக்குப் போனது, மறு உத்தரவு வரும்வரை எவரும் தேரை இழுக்கக் கூடாது என்று கோர்ட்டு சொன்னது, அந்த மறு உத்தரவு வரவேயில்லை. ஆறு வருஷம் இருமிக்கொண்டிருந்துவிட்டு முத்திருளன் செத்துப்போனான். அவன் பெண்டாட்டிதான் வடிவு.

புருஷனைத் தின்ற தேருக்கு அவள் எண்ணெய் தேய்க்க வந்தது பெரிய யோசனை செய்து அல்ல. கோயிலுக்குப் புதிதாக வந்த செயல் அலுவலர் எழில்மதி, தேரைப் பார்த்த அன்றைக்கே அதன் மரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்த உதட்டைப்போல அது வெடித்துக்கிடந்தது. வார்னிஷ் அடிக்கலாம் என்று குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். மூச்சுவிடுகிற மரத்துக்கு முகமூடி போடுவதுபோல ஆகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் அழுகும் என்று எழில்மதி மறுத்துவிட்டார். தேர் இலுப்பை மரத்தில் செய்தது, இலுப்பை எண்ணெயே போதும் என்றார். ஆனால் ஏறத்தான் ஆள் இல்லை. தொட்டவன் விளங்க மாட்டான் என்று ஊரில் பேச்சு. தேர்நிலையைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த தினக்கூலிப் பெண்ணிடம், "நீங்க ஏறுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பல்லி ஏறுது, அணிலு ஏறுது. நா ஏறுனா என்னம்மா ஆயிரப்போவுது" என்று வடிவு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள்.

சாபம் பிடித்த தேர் என்று ஆகிவிட்டதால் மேலத்தெருவிலிருந்தும் ஒருவரும் தடுக்க வரவில்லை. முதல் நாள் கூலிக்காகத்தான் தேய்த்தாள். தூசியைத் தென்னம்பாளைப் பிரஷ்ஷால் தட்டி, கறையான் அரித்த ஓட்டைகளில் வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இலுப்பெண்ணெயை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, பழைய பருத்திச் சேலைக் கிழிசலில் தொட்டு, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்த்தாள். தேய்த்த எண்ணெய் கண்ணெதிரே உள்ளே போயிற்று. ஒரு படி எண்ணெயைத் தேர் ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்பதுபோல மறுபடி வெளிறிக்கொண்டு நின்றது. தன் விதையில் பிழிந்த எண்ணெய் தனக்கே திரும்பி வந்ததை மரம் அடையாளம் கண்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பாவையின் கன்னத்தில் செம்பழுப்பாக ரத்தம் ஓடியது. பத்தாம் நாள் குதிரைகளின் கழுத்துத் தசை புடைத்தது. இருபதாம் நாள் வடிவு கூலி வாங்க மறந்து வீட்டுக்குப் போனாள். நாற்பத்தெட்டாம் நாள் தேர் நகர்ந்தது.

ஊர் முதல் வாரம் பயந்தது, இரண்டாம் வாரம் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் வாரம் தேருக்கு இடம் விட்டுப் பழகிக்கொண்டது. உச்சி வெயில் ஏறி எண்ணெய் உள்ளே இறங்குகிற நேரத்தில்தான் தேர் நகர்கிறது என்பது தெரிந்துபோனாலும் அது நகர்வதை ஒருவரும் கண்ணால் பார்க்க முடியவில்லை, கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யார் பார்த்திருக்கிறார்கள்? பார்க்கவென்றே வந்து உட்கார்ந்தவர்கள் ஒரு வடை தின்று நிமிர்வதற்குள் சாண் கடந்திருக்கும். கோமதிநாயகம் தேரோடு போட்டி போட முடியாமல் கடைக்குச் சக்கரம் மாட்டி நாளுக்கு ஒரு சாண் தானும் தள்ளிக்கொண்டு போனார். மின்வாரியத்தார் வந்து கம்பிகளை உயர்த்திக் கட்டினார்கள். பஸ் வேறு தெரு வழியாகத் திரும்பியது. பொறியியல் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் மூன்று நாள் கருவி வைத்து அளந்து, தரை தேருக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கிறது, ஆகையால் அது நகர முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த மேஜையை நடுவில் ஒருமுறை நகர்த்திப் போட வேண்டியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "தேர்ல இருந்து நாலாவது வீடு" என்பவர்கள் "இன்னைக்குத் தேதிக்கு நாலாவது வீடு" என்று சேர்த்துச் சொன்னார்கள்.

கோர்ட்டு உத்தரவை மீறியதாகுமா என்று எழில்மதி கோயில் வக்கீலிடம் கேட்டார். அவர் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எவரும் தேரை இழுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. தேரு போகக் கூடாதுன்னு இதுல இல்லையே" என்றார்.

மாசியில் வடிவுக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் தேர் நின்றுவிட்டது. மேலத்தெருக்காரர்கள் இரண்டு பேரை ஏற்றி எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள். அவர்கள் கடையில் விற்கிற பாமாயிலை வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் பூசினார்கள், தேர் அவ்வளவையும் வியர்வைபோல வெளியே தள்ளிவிட்டது, ஒருவன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். நாலாம் நாள் மேலத்தெருப் பெரியதனம் நல்லபெருமாள், பிறந்ததிலிருந்து கால் வைத்திராத தெற்குத்தெருவுக்குள், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து ஓலைத்தட்டியைத் தட்டினார். "ஏட்டி" என்றே கூப்பிட்டுப் பழகிய நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"வடிவம்மா... ஒடம்பு தேவலையா? தேரு ஒன்னத் தேடுது."

"நாளைக்கு வாரேன். அந்தப் பாமாயில மொதல்ல வெந்நி வச்சுத் தொடைக்கணும். அதுக்கே அரைநாள் போயிரும்" என்றாள் வடிவு போர்வைக்குள்ளிருந்து.

எண்ணெய் தீர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் இலுப்பை மரங்கள் இரண்டு இடத்தில்தான் நின்றன, நல்லபெருமாளின் தோப்பில் ஏழு, தெற்குத்தெருச் சுடுகாட்டு ஓரத்தில் ஐந்து. இரண்டு இடத்து விதையும் ஒரே செக்குக்கு வந்தது. எந்த எண்ணெய் எந்த மரத்தது என்று செக்குக்காரருக்கே தெரியவில்லை, தேரும் கேட்கவில்லை. பெண்கள் குளித்துவிட்டு ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவந்து வடிவின் சட்டியில் ஊற்றிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. "வடிவக்கா, எங்க வீட்டு எண்ணெய அந்தக் குதிரைக்குப் போடுங்க" என்பார்கள். "குதிர போதும்னுட்டு, கிளிக்குப் போடுதேன்" என்பாள் அவள். அப்படித்தான் செய்வாள். யாளியின் கடைவாய்ப் பல், கிளியின் நகம், ஒரு கட்டைவிரல் அளவே இருந்த சங்கூதியின் உப்பிய கன்னம், ஒன்றும் அவள் விரலுக்குத் தப்பவில்லை. அதிகப்படி எண்ணெயைத் துடைத்து எடுப்பதில் தேய்ப்பதைவிடக் கவனமாக இருந்தாள். மிஞ்சிய எண்ணெய் பிசுக்காகி அழுக்குப் பிடிக்கும், மரத்துக்கு வேண்டியது அது குடிக்கிற அளவுதான். அவள் வேலை செய்வதை நின்று பார்த்தவர்களுக்குத் தங்கள் கை சும்மா இருப்பது கூச்சமாக இருந்தது. கோமதிநாயகம் தன் கல்லாப் பெட்டிக்கு எண்ணெய் போட்டார். பள்ளிக்கூடத்தில் கதவுகளுக்குப் போட்டார்கள். வைகாசி மாதத்துக்குள் அத்திமருதூரில் கிரீச்சிடுகிற கதவு ஒன்றுகூட இல்லை.

தேர் முக்கை நெருங்க நெருங்க ஊருக்குத் தூக்கம் குறைந்தது. வலப்புறம் திரும்புமா, நேரே போகுமா? முக்குக்கு ஒன்பது சாண் பாக்கி இருந்தபோது நல்லபெருமாள் மறுபடி வந்தார். ஏணியடியில் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"வலப்பக்கச் சக்கரத்துக்கு எண்ணெயக் கொஞ்சம் கொறச்சிப் போடும்மா. தானாத் திரும்பிரும். கோயில்ல ஒனக்கு நிரந்தர வேலைக்கு நான் சொல்லுதேன்."

வடிவு கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஒரு கண்ணுக்கு மை எழுதிட்டு ஒரு கண்ண வெறுமன விடச் சொல்லுதீயளே அண்ணாச்சி. எனக்கு எண்ணெய் தேய்க்கத்தான் தெரியும். வண்டி ஓட்டத் தெரியாது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தொடலாமா?" என்று கேட்டார். தொட்டுவிட்டுப் போனார்.

நூற்று நாற்பதாம் சாணில் தேர் முக்குக்கு வந்தது. நூற்று நாற்பத்தோராம் சாணைத் தெற்குத்தெருவுக்குள் வைத்தது. அங்கேயே நின்றுவிட்டது.

வடிவு வழக்கம்போல எண்ணெய் தேய்த்தாள், தேர் வழக்கம்போலக் குடித்தது, நகரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். எழில்மதி நாடா வைத்து அளந்தார். மேல் அலங்காரம் இல்லாத மொட்டைத் தேருக்கே பதினான்கு அடி வேண்டும். தெரு முழுக்கப் பதினாறு அடி இருந்தது, முக்கை அடுத்த முதல் வீட்டின் முன்னால் மட்டும் பன்னிரண்டு. அந்த வீடு வடிவின் கொழுந்தன் கருத்தையாவுடையது. துபாயில் பதினெட்டு வருஷம் கம்பி கட்டிச் சம்பாதித்து, தூண் வைத்த முகப்பைத் தெருவுக்குள் நாலடி தள்ளிக் கட்டியிருந்தான். தெரு குறுகல், தேர் நுழையாது என்று மேலத்தெருக்காரர்கள் கோர்ட்டில் கொடுத்த மனுவில் எழுதியிருந்தது, அவன் முகப்புக் கட்டுவதற்கு முன்பே எழுதியது. இப்போது அது நிஜமாகிப்போயிருந்தது.

"சொல்லிப்புடாதீங்க மதினி. இடிக்க மாட்டேன்" என்றான் கருத்தையா, அவள் வாசலுக்கு வந்ததுமே.

"நா ஒண்ணும் சொல்ல வரல. தண்ணி குடிக்க வந்தேன்."

"எங்கண்ணன் வெலாவ ஒடச்சது அது. இத்தன வருசம் வரமாட்டேன்னுட்டு, இன்னிக்குத் தானா வந்து மூஞ்சிக்கு முன்னால நின்னா, நான் எங்கையாலயே வீட்ட இடிச்சி வழி விடணுமா? அதுக்கு வரணும்னா மண்டி போட்டு வரட்டும்."

"இடிக்காத" என்றாள் வடிவு. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "ஒன் வீடு, நீ ஒழைச்சது. எனக்கு எண்ணெய் வேல பாக்கி கெடக்கு."

அவன் ஜன்னலைத் திறந்தால் யாளியின் முகம். மூடினால் இலுப்பெண்ணெய் வாசனை. ஒன்பதாம் நாள் முற்பகலில் அவன் தேரைச் சுற்றிவந்து பார்த்தபோது ஏணியில் வடிவு இல்லை. தேருக்கு அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, மல்லாந்து படுத்து மேலே பார்த்தபடி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து உள்ளே நகர்ந்தான். வெளியே தெரியாத அந்த அடிப்பலகையிலும் தச்சர்கள் உருவங்கள் வைத்திருந்தார்கள். மரம் வெட்டுகிறவர்கள், மரத்தைத் தோளில் தூக்குகிறவர்கள், முள் எடுப்பதற்காகக் காலை மடக்கி உட்கார்ந்த ஒரு பெண். வடிவு அந்தப் பெண்ணின் உள்ளங்காலில் சுண்டுவிரல் நுனியால் எண்ணெய் வைத்தாள்.

"யாரு பாக்கப்போறா இத?" என்றான் கருத்தையா.

"செஞ்சவன் அதக் கேக்கலியே. கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டான்லா."

விரலை அடுத்த உருவத்துக்கு நகர்த்தினாள். பிறகு சொன்னாள். "அந்த ஒரு நிமிசத்துல என்ன கண்டீயன்னு ஒங்கண்ணன்ட்ட நான் ஆறு வருசம் கேட்டேன். சாகப் பெழைக்கக் கெடக்கும்போதும் கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல. கனமா இருந்துச்சு, கூடப் போவுதாப்புல இருந்துச்சுன்னாரு, அவ்வளவுதான். நா அவரப் பித்துக்குளின்னு ஏசுனேன். இந்த மரத்த ஏழு மாசமாத் தொடுதேன். இப்ப நான் ஏச மாட்டேன் கருத்தையா."

கருத்தையா, அவள் இடுப்பில் செருகியிருந்த இன்னொரு கிழிசலை உருவி, எண்ணெயில் தொட்டு, மரம் தூக்குகிறவர்களின் தோள்களைத் தேய்க்க ஆரம்பித்தான். "நாரு ஓடுத பக்கமாத் தேயி" என்றாள் அவள். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள்.

மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தெருவே உதவிக்கு ஓடிவந்தது, அவன் ஒருவரையும் தொடவிடவில்லை. தூணைத் தானே சாய்த்தான், கம்பியைத் தானே அறுத்தான். மேலத்தெருவிலிருந்து நாலுபேர் தயங்கி வந்து, கல் அள்ளவாவது விடச் சொன்னார்கள். "தேருக்காக இடிக்கேன்னு நெனைக்காதீங்க. தெரு குறுகல்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்தீயல்லா, அதப் பொய்யாக்கணும், அதுக்கு இடிக்கேன்" என்றான் கருத்தையா தலையெல்லாம் சுண்ணாம்போடு. அவர்களில் ஒருவர், "பொய்யாவே ஆயிட்டுப் போவுது, கல்லு அள்ளுத சட்டிய இங்க குடுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் பதினாறு அடி இருந்தது. மறுநாள் உச்சியில் தேர் தன் சாணை எடுத்து வைத்தது.

தெற்குத்தெருவுக்குள் தேர் பத்து மாதம் இருந்தது. வேகமாக வந்து வேகமாகப் போயிருந்தால் ஊர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரத்தைச் சமாளித்திருக்கும். இது நாளுக்கு ஒரு சாண். கும்பிட வேண்டுமென்றால் தெற்குத்தெருவுக்கு வர வேண்டும், வெயிலுக்கு ஒதுங்க வேண்டும், தாகம் எடுத்தால் கேட்க வேண்டும், பிள்ளைக்கு மூத்திரம் வந்தால் ஒரு வீட்டுக்குள் போக வேண்டும். நல்லபெருமாளின் மனைவி முதல் மாதம் தெருமுனையில் நின்று கும்பிட்டார், இரண்டாம் மாதம் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார், மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் புளிக்குழம்பைப் பற்றி மேலத்தெருவில் போய்ப் பேசினார்.

அடுத்த வருஷத்துப் பங்குனித் திருவிழா வந்தது. நாச்சியார் தேரேற வேண்டும். தேர் திரும்பி வராது, பின்னால் நகர்ந்து அதற்குப் பழக்கமில்லை. எழில்மதி கூட்டம் போட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் நல்லபெருமாள் எழுந்து, "தேரு அங்க இருக்கு. அம்பாள் இங்க இருக்கா. ரெண்டுல எது எங்க போவணும்னு இனிமேயும் நாம பேசிட்டுக் கெடக்க முடியாது" என்று துண்டை இடுப்பில் கட்டினார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு, ஊர் உண்டான நாளிலிருந்து முதல் தடவையாக, வழித்துணை நாச்சியார் பல்லக்கில் மேலத்தெருக்காரர்களின் தோளில் ஏறித் தெற்குத்தெருவுக்கு வந்தாள். வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். பல்லக்கு நகர்வதைவிட நிற்பதே அதிகமாக இருந்தது. தேரடிக்கு வந்ததும் பட்டர் சங்கரலிங்கம் நாச்சியாரை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே கடைசிக் கிளிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த வடிவு, அவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

எட்டாவது படியில் எண்ணெய் இருந்தது. பட்டருக்குக் கால் வழுக்கியது. கீழே நின்ற ஆயிரம் பேரும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தார்கள். வடிவு யோசிக்கவில்லை. ஒரு கையால் யாளியின் காதைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, பட்டரையும் நாச்சியாரையும் சேர்த்து வாரித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பட்டர் ஒருவாறு பலகையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, நாச்சியார் முழுசாக வடிவின் கையில் இருந்தாள், அவள் விரலிலிருந்த எண்ணெய் நாச்சியாரின் கன்னத்தில் மினுங்கியது.

பட்டருக்கு மூச்சு வாங்கியது. நாச்சியாரைத் திரும்ப வாங்க அவர் கையை நீட்டவில்லை.

"உள்ள கொண்டு போய் உக்கார வையம்மா. மெதுவா. இடது பாதம் கொஞ்சம் வெளிய நீட்டிண்டிருக்கும், இடிக்காம பாத்துக்கோ" என்றார்.

வடிவு உட்கார வைத்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்தாள். இறங்கி வந்தபோது கருத்தையா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்குக் கண்ணெல்லாம் நீராக இருந்தது.

"கனமா மதினி?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் வடிவு. "பசியாறித் தூங்குன பிள்ள கனந்தான்."